கை நனைக்காத ஞாயிறு

1

அன்று வந்தவர்கள்:

சின்னத்தம்பி. பெண்ணின் அப்பா. போளூரில் சைக்கிள் கடை.

சரோஜா. பெண்ணின் அம்மா.

ரங்கநாதன். சரோஜாவின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன். வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறார். பேசுவது எல்லாம் அவர்தான்.

பட்டம்மாள். சின்னத்தம்பியின் அக்கா, பெண்ணுக்கு அத்தை. முழங்கால் வலி.

வேலு. தரகர். நான்கு பேராக வரக் கூடாது, ஒற்றைப்படையில் வர வேண்டும் என்பதால் அவரையும் பஸ் ஏற்றியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் நான், என் மனைவி தேவகி, மகன் குமார், மகள் செல்வி.

பெண் வரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருவது வழக்கமில்லை.

தொண்ணூற்றேழு, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தி. மறுநாள் மாதா கோயில் திருவிழா.

2

போன வாரம் ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். அவர் பெண்ணுக்குப் பெங்களூரிலிருந்து வரன் வந்திருக்கிறதாம். பையன் வீடு சிவாஜிநகர்.

"அங்க பொண்ணு குடுக்கலாமா?" என்றார்.

"நேர்ல வந்து பாருங்க" என்றேன்.

"பாத்தா இன்னா தெரிஞ்சிடும்?"

போனில் எனக்குப் பேச்சு வராது. நேரிலும் அதிகம் வராது. ஒன்பது வருடம் முன்னால் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று எழுதுகிறேன். அவருக்கு மட்டும் இல்லை. கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிற மற்றவர்களுக்கும்.

ஏழாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படிக்கவும்.

3

நான் ஊரை விட்டது எழுபத்து நான்கில். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஓர் அறை. ஆறு பேர். ரயில் சத்தத்தில்தான் தூக்கம் வரும். பிறகு அடுகோடியில் ஒரு பட்டறையில் டிங்கரிங் கற்றுக்கொண்டேன். நசுங்கின காரைத் தட்டி நேராக்கும் வேலை. எண்பத்தைந்தில் சிவாஜிநகரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் சொந்தப் பட்டறை. மேலே வீடு.

பெங்களூர் வெளிநாடு இல்லை. பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஆனால் ரேஷன் கார்டு வாங்கப் போனால் வெளிநாடுதான். ஊரில் பெயர் நீக்கிய தாள் கொண்டுவா என்றார்கள். ஊருக்குப் போனேன். அங்கே பெயரே இல்லை, எதை நீக்குவது என்றார்கள். இல்லாத பெயரை இல்லை என்று எழுதி வாங்க நான்கு தடவை பஸ் ஏறினேன். கார்டு கன்னடத்தில் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துக் குமார் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்த பிறகு சொன்னான். "அப்பா, இதுல செல்வி எனக்குத் தம்பி."

திருத்தவில்லை. அதற்கும் தாள் கேட்பார்கள். அரிசி சரியாக வந்தது.

ஊரில் எங்களுக்குக் கடைத்தெரு ஒன்று. ஓட்டல் இரண்டு. ஒன்றில் இட்லி இருக்கும். இன்னொன்றில் இட்லி தீர்ந்துபோயிருக்கும். ஆறு மணிக்கு மேல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் அதை நினைத்து ஏங்கியது இல்லை. இங்கே வந்த முதல் வாரம் மாலையில் சும்மா நடந்தேன். ஒரு தெருவில் மாதா படம் வைத்துப் பாட்டு. அடுத்த தெருவில் கம்பியில் குத்திய கறி புகைகிறது. அதற்கு அடுத்த தெருவில் ஒருவர் வளையலை அடுக்கி வைத்துக்கொண்டு உருதில் கூப்பிடுகிறார், வாங்குகிற அம்மா தெலுங்கில் திட்டுகிறார், வியாபாரம் முடிகிறது. இருந்துவிடலாம் என்று தோன்றியது. இருந்துவிட்டேன்.

4

அந்த ஞாயிறு பதினோரு மணிக்கு ஐந்து பேரும் வந்தார்கள். தேவகி காலை நான்கு மணிக்கே எழுந்து சமைத்திருந்தாள். பிள்ளையார் வந்து மறுநாள் என்பதால் வெங்காயம் பூண்டு இல்லாமல். சாம்பார், இரண்டு பொரியல், வடை, பாயசம். புளியோதரை மட்டும் ஒரு பெரிய அடுக்கு நிறைய. போளூர்க்காரர்கள் புளியோதரை என்றால் விட மாட்டார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

செல்வி தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள். வீடு இரண்டு அறை. பார்க்க நேரம் ஆகவில்லை. ரங்கநாதன் ரேஷன் கார்டைக் கேட்டார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். குமார் சொல்லவில்லை. மரியாதை.

தேவகி இலையைப் போட வந்தாள்.

"இருங்கம்மா" என்றார் ரங்கநாதன். "தப்பா எடுத்துக்காதீங்கோ. முடிவு ஆவாம கை நனைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல."

நமக்கு இது தெரிந்ததுதான். சம்பந்தம் பேசி முடியும் முன்னால் அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சரி என்று அர்த்தம். இருபது வருடம் இங்கே இருந்ததில் நாங்கள் மறந்துவிட்டோம். இங்கே யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தட்டு வரும். தப்பு எங்கள் பேரில்தான்.

தேவகி இலையைச் சுருட்டினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே போய்ப் பாத்திரத்தை வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது.

தரகர் வேலு மட்டும் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். "எனக்கு ரெண்டு பக்கமும் உண்டுங்க. தரகருக்குக் கை நனைஞ்சாலும் ஒண்ணுதான், காஞ்சாலும் ஒண்ணுதான்." நான்கு வடை சாப்பிட்டார்.

முடிவு ஏன் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். பையன் மேல் குறை இல்லை. குமார் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான். ஒழுங்காகப் போய் ஒழுங்காக வருகிறவன். போட்டோவைப் பார்த்துப் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. ஊர்தான் குறை. சின்னத்தம்பி வந்ததிலிருந்து ஜன்னல் வழியாகக் கீழே சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"தொண்ணூத்தொண்ணுல காவேரிக் கலாட்டா ஆச்சே. அப்போ நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இங்கதான்."

"மறுபடியும் அப்படி வந்தா?"

"வராதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றேன்.

தேவகி உள்ளேயிருந்து என்னைப் பார்த்தாள். நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா என்கிற பார்வை.

பட்டம்மாள் அவர் பங்குக்குக் கேட்டார். "பொறக்கிற பசங்க தமிழ் படிக்குமா?"

"பேசும். படிக்கிறது சொல்ல முடியாது. செல்விக்கே தெரியாது."

இதைச் செல்வி இப்போதும் படிக்க மாட்டாள். நான் படித்துக் காட்டினால் கேட்டுச் சிரிப்பாள். குமார் கன்னடத்தில் எண்ணுகிறான், உருதில் சண்டை போடுகிறான், தமிழில் பசிக்கிறது என்கிறான். எங்கே கைநழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது. வயிறு இன்னும் எங்கள் பக்கம்தான்.

பேச்சு அதோடு நின்றது. அவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ரங்கநாதன்தான் சொன்னார்.

"பகல்ல எல்லாத் தெருவும் நல்லாத்தான் இருக்கும். வெளக்கு வெச்ச பெறகு இந்த எடம் எப்படின்னு பாக்கணும். ஒம்போது மணி பஸ்ஸுக்குப் போனா போதும்."

5

இப்போது என் மாலைகள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அன்று இருந்ததற்கும் இன்றைக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஆறு மணிக்கு ஷட்டரை இறக்குகிறேன். மண்ணெண்ணெயில் ஒரு தடவை, சோப்பில் இரண்டு தடவை கை கழுவுகிறேன். கரீம் பாய் கடையில் டீ. அங்கிருந்து மார்க்கெட் முன்னால் ஒரு சுற்று. பூக்கடை, மீன் கடை, பழைய கடிகாரக் கடை, அத்தர் கடை. மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி. திரும்பும்போது சமோசா கடையில் நின்று எண்ணெய் புதுசா பழசா என்று பார்க்கிறேன். வாங்குவதில்லை. டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார்.

ஒன்று மாறியிருக்கிறது. ஹெப்பகோடிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை கார் எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் கபாப் சாப்பிட வருகிறார்கள். சந்து குறுகல். ஒரு பக்கம் தள்ளுவண்டி, ஒரு பக்கம் சாக்கடைக் கல். திங்கட்கிழமை எனக்கு வேலை வருகிறது.

கபாப் நன்றாக இருக்கும்வரை என் பட்டறைக்குக் குறைவில்லை.

6

அந்த ஞாயிறு மத்தியானம் அவர்களுக்குப் பசித்தது. வீட்டில் சாப்பிட முடியாது. ஓட்டலில் சாப்பிடலாம், அது கணக்கில்லை என்றார் ரங்கநாதன். ஆனால் காசு அவர்தான் கொடுப்பார். நான் கொடுத்தால் அது என் சாப்பாடு ஆகிவிடும்.

பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல். பட்டம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நாற்காலி எங்க?"

"இங்க நின்னுதான் அத்தே சாப்பிடணும்" என்றாள் செல்வி. முறை இன்னும் ஆகவில்லை. அவள் பாட்டுக்கு அத்தை என்றாள்.

"நின்னுக்கினு தின்னா எல்லாம் முட்டியில எறங்கிடும். எனக்கு ஏற்கெனவே முட்டி சரியில்ல."

படியில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தார். "வெல்லம் போட்டிருக்கானுங்க. பாயசத்துல உப்பு போடுவானுங்களா?" மற்றவர்களும் இரண்டிரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார்கள். வயிறு நிறையவில்லை. எனக்குத் தெரிந்தது.

வெயில் தாழ்ந்ததும் நடந்தோம். தேவகி வரவில்லை, வேலை இருக்கிறது என்றாள். செல்வியும் வீட்டில் நின்றுவிட்டாள். குமார் இரண்டடி பின்னால் வந்தான்.

முதலில் மாதா கோயில் பக்கம். மறுநாள் திருவிழா என்பதால் வேண்டுதலுக்குக் காவிப் புடவை கட்டின பெண்கள் தெரு நிறைய. நடந்தே வந்தவர்கள் ஓரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பாதிப் பேர் பொட்டு வைத்தவர்கள். கடைகளில் மெழுகில் கை, கால், வீடு, தொட்டில் எல்லாம் அச்சு வார்த்து விற்பார்கள். எது சரியாக வேண்டுமோ அதை வாங்கி மாதாவுக்கு வைக்க வேண்டும். பட்டம்மாள் விசாரித்தார்.

"முட்டி மட்டும் கெடைக்குமா?"

"முட்டி தனியா வராதும்மா. முழுக்கால்தான்" என்றான் கடைக்காரன்.

"மீதி கால் நல்லாத்தானே கீது. எதுக்குப் புடிச்சிக் குடுக்கணும்?"

பேரம் நடந்தது. முழுக்காலை முட்டி விலைக்கு வாங்கினார். வரிசையில் நின்று வைத்துவிட்டு வந்தார். நடை கொஞ்சம் வேகமானது. அதற்குப் பிறகு அவர்தான் முன்னால் போனார். வளையல் கடையில் உருது பேசுகிறவனிடம் தமிழில் பேரம் பேசி இரண்டு டஜன் வாங்கினார். ரிப்பன் வாங்கினார். ஜவ்வாது முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கவில்லை. சரோஜா அவர் பின்னாலேயே போய் ஒரு டஜன் கைக்குட்டை வாங்கினார். யாருக்கு என்று சொல்லவில்லை.

விளக்கு போட்டார்கள். கம்பியில் கறி புகைய ஆரம்பித்தது. ரங்கநாதன் நின்றார்.

"இன்னா வாசனை இது?"

"சீக் கபாப்."

"இன்னா கறி?"

"இந்தக் கடை மாடு. அடுத்தது ஆடு."

இரண்டு அடி தள்ளி நின்றார். தள்ளி நின்றும் மூக்கு இந்தப் பக்கமே இருந்தது. வேலு சொன்னார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்னு சொல்லுவாங்க." சொல்லுவாங்க என்று அவர் சொன்ன விதத்தில் சாப்பிட்டவர் என்று தெரிந்தது.

முனையில் ஒயின் ஷாப். சம்பள வாரம். கூட்டம் வெளியே வரை நின்றது. ரங்கநாதன் அதைப் பார்த்தார், குமாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பையன் எப்படி?"

"பீர் குடிப்பான். மாசத்துல ஒரு தடவை. சம்பளத்தன்னிக்கு" என்றேன்.

குமார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரோஜா புடவைத் தலைப்பால் வாயை மூடினார். வேலு என் காதருகே வந்தார். "அண்ணே, கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமா? என் பொழப்ப பாருங்க." சின்னத்தம்பி மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கரீம் பாய் கடைக்கு வந்தோம். அவருக்கு யார் சொன்னார்களோ, தெரிந்திருந்தது.

"இன்னா முருகேசண்ணா, பொண்ணு ஊட்டுக்காரங்களா? வாங்க, வாங்க. அரே, பெஞ்ச தொடைடா."

டீ வந்தது. பன் வந்தது. பன்னை ரங்கநாதன் திருப்பி அனுப்பினார். டீயைக் குடித்துவிட்டுக் காசை நீட்டினார். பாய் வாங்கவில்லை.

"முருகேசண்ணா ஊட்டு விருந்தாளி கிட்ட பைசாவா?"

ரங்கநாதன் பயந்துவிட்டார். "பாய், வாங்கிக்கோங்க. இல்லன்னா எங்களுக்குச் சிக்கலாயிடும்."

"இன்னா சிக்கல்?"

நான் சொன்னேன். பாய் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்போ என் டீயில உங்க கல்யாணம் ஆயிடுமா? அவ்ளோ பவரா?" காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். "இந்தாங்க, வாங்கிட்டேன். இப்போ யாரும் யாருக்கும் சொந்தம் இல்ல. நிம்மதியாப் போங்க."

எல்லாரும் எழுந்தார்கள். சின்னத்தம்பி எழவில்லை. தாழ்ந்த குரலில் பாயிடம் கேட்டார்.

"தொண்ணூத்தொண்ணுல இவங்களுக்கு இங்க ஒண்ணும் ஆவலையா?"

பாய் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இவரு பட்டறை போர்டு தமிழ்ல கீது, பாத்தீங்களா? அன்னிக்கு மத்தியானம் மஞ்சண்ணா ஏணி போட்டு ஏறி அதைக் கழட்டினாரு. கன்னடக்காரரு, டயர் கடை. தன் கடைக்குள்ள கொண்டுபோய் டயருக்குப் பின்னால வெச்சிக்கினாரு. இவங்க நாலு பேரும் என் ஊட்டு மாடியில. ஒரு வாரம். எல்லாம் அடங்கினதும் மஞ்சண்ணாவே வந்து போர்டை மாட்டினாரு. கோணலா மாட்டிட்டாரு. இவரு இன்னும் நேராக்கல. கார் எல்லாம் நேராக்குறாரு, போர்டை நேராக்கல."

நான் அதை யாரிடமும் சொன்னது இல்லை. சொல்ல என்ன இருக்கிறது. பயந்தோம். சாப்பாடு வந்தது. திரும்பி வந்தோம்.

சின்னத்தம்பி எழுந்து நடந்தார்.

7

சந்து முனையில் எங்கள் பிள்ளையார் பந்தல். மஞ்சண்ணாதான் தலைவர். ஆர்கெஸ்ட்ராவுக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சீரியல் லைட்டில் மயில் தோகை விரித்து விரித்து மூடியது. மங்களாரத்தி முடிந்து, வரிசையாகத் தொன்னையில் பிரசாதம் கொடுத்தார்கள்.

ஐந்து பேருக்கும் இரண்டு இட்லிப் பசி. ரங்கநாதன் முதல் ஆளாக நின்றார். "பிரசாதத்துக்குக் கணக்கு இல்ல. சாமி குடுக்கிறது. வேணாம்னு சொன்னாதான் பாவம்."

புளியோதரை.

மஞ்சண்ணா எனக்கும் ஒன்று கொடுத்தார். வாயில் வைத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. தேவகி வெந்தயத்தைக் கறுக்க விட்டு எடுத்துக் கடைசியில் தூவுவாள். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பந்தலுக்குப் பின்னால் பார்த்தேன். எங்கள் அடுக்கு. அதன் பக்கத்தில் செல்வி கரண்டியோடு நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் யாரும் தொடாத சோற்றை வீணாக்காமல் அம்மா சாமிக்குக் கொடுத்தாள், அவள் பரிமாறுகிறாள். அவ்வளவுதான்.

திரும்பினேன். ரங்கநாதன் தொன்னையை வழித்துக்கொண்டிருந்தார். பட்டம்மாள் விரலை நக்கினார். "நம்ம பக்கத்துக் கை பக்குவம் மாதிரி கீதே" என்றார். சரோஜா ஆமாம் என்றார். ரங்கநாதன் மறுபடி மறுபடி வரிசையில் போய் நின்றார்.

அப்போது மஞ்சண்ணா மைக்கைப் பிடித்தார். கன்னடத்தில் சொன்னார். இன்றைய பிரசாதம் டிங்கரிங் முருகேஷண்ணா வீட்டிலிருந்து, அவர் மகனுக்குச் சீக்கிரம் நல்ல காரியம் நடக்க கணபதி அருள வேண்டும் என்று. கூட்டம் கை தட்டியது.

பட்டம்மாளுக்குக் காது கூர்மை. "இன்னாங்க, மைக்குல உங்க பேரு கேட்டுதே?"

நான் வாயைத் திறக்கும் முன் குமார் முந்தினான். "அப்பா பந்தலுக்கு டொனேஷன் குடுத்திருக்காரு அத்தை. அதான்."

அது பொய் இல்லை. கொடுத்திருந்தேன். அவர்களுக்குக் கன்னடம் தெரியாது. ஒன்பது மணி பஸ். ஏறிப் போய்விடுவார்கள். பிறகு யார் வந்து சொல்லப்போகிறார்கள். சொன்னால், வேண்டுமென்றே செய்தோம் என்று நினைப்பார்கள். சாப்பிட வைத்துச் சம்மதம் வாங்கப் பார்த்த வீடு என்று போளூர் முழுக்கப் போகும். குமார் என்னைப் பார்த்தான். வேண்டாம்ப்பா என்கிற பார்வை. அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. போட்டோவைப் பர்ஸில் வைத்திருந்தான். எனக்குத் தெரியும்.

சின்னத்தம்பியின் முன்னால் போய் நின்றேன்.

"நீங்க சாப்பிட்டது எங்க வீட்டுப் புளியோதரை. மத்தியானம் உங்களுக்குச் செஞ்சது. வீணாவக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி இங்க குடுத்திருக்கா. எனக்கே வாயில வெச்ச பெறகுதான் தெரியும். தெரியாமத்தான் சாப்பிட்டீங்க. அதை உங்க கணக்குல வெக்க வேணாம்."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது அதற்கு முன்னால் இல்லை.

சரோஜா கையிலிருந்த தொன்னையைப் பார்த்தார். வேலு தூணைப் பிடித்துக்கொண்டார். ரங்கநாதன் வரிசையிலிருந்து திரும்பி வந்தார், கையில் புதுத் தொன்னை. கேட்டுவிட்டு அப்படியே நின்றார். விரலெல்லாம் எண்ணெய்.

"இது செல்லாது" என்றார். "தெரியாம நனைச்ச கை. சாமிக்குப் படைச்சாச்சு, அது சாமிது."

"சாமிதுன்னா சாமியே முடிச்சி வெச்சிட்டாருன்னு அர்த்தம்டா" என்றார் பட்டம்மாள்.

"அக்கா, நீ சும்மா இரு. மாமா முடிவு சொல்லட்டும்."

எல்லாரும் சின்னத்தம்பியைப் பார்த்தோம். அவர் மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சண்ணா மைக் ஒயரை நெஞ்சோடு சுற்றிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"போர்டைக் கழட்டினவரு அவருதானா?"

"அவருதான்."

தலையை ஆட்டினார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "ரங்கா, கேட்டதுக்கெல்லாம் நமக்குப் புடிக்காத பதிலாத்தான் சொல்றாரு. பீர் குடிப்பான்னாரு. புள்ளைங்க படிக்காதுன்னாரு. கலாட்டா வராதுன்னு சொல்ல முடியாதுன்னாரு. இப்போ இதையும் சொல்றாரு. இந்த வீட்டுல நாளைக்கு ஒண்ணுன்னா நமக்கு மறைக்க மாட்டாங்க. அது போதும் எனக்கு."

தொன்னையில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதை எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டார். பந்தல் பின்னால் நின்ற செல்வியிடம் போனார். கையை நீட்டினார்.

"இன்னொண்ணு வைம்மா. அப்படியே சம்பந்திக்கும் ஒண்ணு."

சம்பந்தி யார் என்று செல்வி சுற்றிப் பார்த்தாள். நான்தான்.

குமார் கூட்டத்துக்குள் போய்விட்டான். முகத்தைக் காட்ட வெட்கம். மஞ்சண்ணாவுக்கு விஷயம் போனது. மைக்கில் மறுபடி ஏதோ சொன்னார், மறுபடி கை தட்டினார்கள். இந்தத் தடவை போளூர்க்காரர்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தேவகி தகவல் கேட்டு மாடிப்படியில் இறங்கி ஓடி வந்தாள். கையில் மாவு. கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவு.

ரங்கநாதன் மட்டும் விடவில்லை. "மாமா சொல்லிட்டாரு, சரி. ஆனா நான் முடிவுக்கு முன்னால கை நனைச்சதா யாரும் சொல்லக் கூடாது. ஏதோ ருசி பாத்தேன்."

"ருசியா பாத்த?" என்றார் பட்டம்மாள். ரங்கநாதன் காலடியில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்த காலித் தொன்னைகளைக் குனிந்து எடுத்தார். முட்டி வலி என்று சொல்லவில்லை. எல்லாரும் பார்க்க ஒவ்வொன்றாகப் பிரித்து மேடை ஓரத்தில் வைத்தார்.

ஏழு.